இரண்டு திருகுகளுக்கு அடியில் இரண்டு கைகள்

அந்தச் சத்தம் இந்தக் கதைக்கு ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முந்தியது. தாமோதரசாமிக்கு அப்போது எட்டு வயது. மில்லில் ஃபிட்டராக இருந்த பெரியப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். வளையல் அளவுள்ள ஒரு பேரிங்கைக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, மறு கையால் ஒரு தட்டுத் தட்டினார். ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம் எழுந்தது. மழைக்கு முன்னால் புளியமரத்துக்குள் காற்று நுழைகிற மாதிரி இருந்தது. பெரியப்பா காபியை ஆற்றிக் குடித்து முடிக்கிற வரைக்கும் அது நிற்கவில்லை.

"உள்ளே குண்டு உருளுதுடா. ஒண்ணை ஒண்ணு உரசறதில்லை. அதான்," என்றார் பெரியப்பா.

உரசாமல் ஓடுகிற ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறது என்று பையன் அன்று தெரிந்துகொண்டான். அப்புறம் படித்தான். மின்துறையில் வேலைக்குச் சேர்ந்தான். ரங்கநாயகியைக் கல்யாணம் செய்துகொண்டான். உரசாமல் ஓடுகிற இன்னொன்றை அவன் எங்கும் பார்க்கவில்லை.

ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம் தாமோதரசாமிக்கு ஒரு எந்திரம் செய்ய வேண்டும் என்று தோன்றியது. சி.என்.சி. ரூட்டர் என்பார்கள். கம்ப்யூட்டரில் ஒரு படம் கொடுத்தால், மோட்டாரில் சுழலும் ஒரு கூர்முனை முன்னும் பின்னும், மேலும் கீழும் போய், அந்தப் படத்தை மரத்தில் செதுக்கிவிடும். கடையில் வாங்கலாம். வாங்கினால் பிறகு நாள் முழுக்க என்ன செய்வது? அதனால் அவரே செய்ய ஆரம்பித்தார்.

இடம் சாப்பாட்டு மேசை. பதினோரு மாதமாக அந்த வீட்டில் இரண்டு பேரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள்.

ரங்கநாயகி அதைப் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒரு பலகை. அவருடைய அப்பா தோட்டத்துப் பலாமரம் ஒரு காற்றில் சாய்ந்தபோது அறுத்தது. மூன்றடி நீளம், இரண்டரை அடி அகலம், நடுவில் இணைப்பே இல்லாத ஒற்றைப் பலகை. இருபத்திரண்டு வருஷம் பரண்மேல் பழைய போர்வைக்குள் கிடந்தது. மகள் ஹேமலதா சரவணம்பட்டியில் வீடு கட்டிக்கொண்டிருந்தாள். தை மாதம் குடிபோகிறாள். அந்த வீட்டு வாசல் கதவின் மேல்பாதியில் இந்தப் பலகை ஏற வேண்டும். அதில் ரங்கநாயகி பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் தலையணை உறைக்குப் போட்ட பூங்கொடி, இரண்டு கிளியோடு, செதுக்கப்பட வேண்டும்.

"இது ஒண்ணுதான் இருக்குது," என்று சொல்லித்தான் அவர் பலகையைக் கீழே இறக்கிக் கொடுத்தார். "இன்னொண்ணு வேணும்னா எங்கப்பா எந்திரிச்சு வந்து மறுபடி மரம் வைக்கணும். இதுல ஒரு குழி விழுந்துச்சுன்னா, உங்களுக்கும் எனக்கும் பேச்சு கிடையாது."

"சரி," என்றார் தாமோதரசாமி. பேச்சு கிடையாது என்பதில் இருந்த வசதியை அவர் ஒரு கணம் யோசித்துப் பார்த்தார். பிறகு பலகையைத் தடவினார். அது வெதுவெதுப்பாக இருந்தது. அந்த யோசனையை விட்டுவிட்டார்.

எந்திரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஒன்றுதான் பாக்கி. செதுக்கும் தலையை மேலும் கீழும் நகர்த்தும் நெட்டுக்குத்தான திருகு. அதைப் பற்றிக் கேட்கத்தான் அவர் குருவிடம் போனார்.

குருவுக்கு வயது முப்பத்து நான்கு. பெயர் பிரமிளா. ஆவாரம்பாளையத்தில் இரண்டு லேத் வைத்துக் கடைசல் பட்டறை நடத்துகிறவர். சீடருக்கு அறுபத்து மூன்று. அவர் சீடரான கதை சின்னது. எந்திரத்துக்காகத் தாமே அறுத்து ராவிய ஒரு இரும்பு மூலையை முதல் நாள் கொண்டுபோய்க் காட்டினார். பிரமிளா அதன்மேல் மூலைமட்டத்தை வைத்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

"இது செங்கோணம் இல்லைங்க சார்."

"பின்னே?"

"செங்கோணத்துக்குப் பங்காளி."

நாற்பது பேரைக் கீழே வைத்து வேலை வாங்கிய மனிதர் அன்று பிற்பகலே பித்தளைச் சுருளையும் இரும்புச் சுருளையும் தனித்தனியாகப் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று மாதம் அதுதான் பாடம்.

இப்போது அவர் கையில் ஒரு அட்டவணை இருந்தது. பதினான்கு கட்டங்கள். தாளை நான்காக மடித்து, மடிப்பு கிழிந்து, பின்னால் டேப் ஒட்டியிருந்தது.

"அம்மிணி, ஒரு சந்தேகமுங்க."

"கேளுங்க."

"மேலே கீழே போறதுக்கு எந்த ஸ்க்ரூ நல்லதுங்க? ஒண்ணு லீட் ஸ்க்ரூ. பட்டை மரை போட்டது. அதுல நட்டு உரசிக்கிட்டே போகும். நூறு பங்கு சக்தி குடுத்தா முப்பது பங்குதான் வேலைக்கு வருது. இன்னொண்ணு பால் ஸ்க்ரூ. நட்டுக்குள்ளே குண்டு உருளுது. தொண்ணூறு பங்கு வேலைக்கு வருது. உரசலே கிடையாது. ஆட்டமும் கிடையாது."

பிரமிளா லேத்தை நிறுத்தினார். "இதுலயும் பட்டை மரைதானுங்க. இந்தக் கைப்பிடியைத் திருப்புங்க," என்றார்.

தாமோதரசாமி திருப்பினார். கால் சுற்று போகிற வரைக்கும் ஒன்றும் அசையவில்லை. அப்புறம்தான் உளி நகர்ந்தது.

"அம்மிணி, இதுல கால் சுத்து ஆட்டம் இருக்குதுங்களே."

"இருக்குதுங்க."

"தேஞ்சு போச்சுங்களா?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாடியே."

"இதுலயா நூல் பிசகாம வேலை செய்யறீங்க?"

பிரமிளா கைப்பிடியை வாங்கினார். வேண்டிய அளவுக்கோட்டைத் தாண்டிப் பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து, கோட்டில் நிறுத்தினார். ஒரு துண்டைக் கடைந்தார். அளந்து பார்க்கச் சொல்லி அவரிடம் நீட்டினார். தலைமயிர் அளவுகூடப் பிசகவில்லை.

"எந்தப் பக்கம் ஆடும்னு தெரியுமுங்க," என்றார். "எப்பவும் அதுக்கு எதிர்ப்பக்கமா வந்து நிறுத்துவேன்."

சீடர் தலையை ஆட்டினார். பையிலிருந்து பேனாவை எடுத்தார். அட்டவணையில் பதினைந்தாவதாக ஒரு கட்டம் போட்டு, 'ஆட்டம்: கால் சுற்று. ஏற்கத்தக்கதல்ல' என்று எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மார்கழி பிறந்தது. தாமோதரசாமியால் முடிவெடுக்க முடியவில்லை. அதனால் இரண்டையும் வாங்கிவிட்டார். ஒரே எந்திரத்தில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தலைகள் பூட்டினார். இடதில் பால் ஸ்க்ரூ, வலதில் லீட் ஸ்க்ரூ. செதுக்கும் மோட்டார் ஐந்து கிலோ எடை. அது ஒன்றுதான் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கும்போது நியாயம் வேண்டுமே என்று, தெருமுனைப் பழைய பேப்பர் கடையில் இரண்டு ஐந்து கிலோ எடைக்கல்லை இரவல் வாங்கி வந்து ஆளுக்கொன்றாகத் தொங்கவிட்டார். கடைக்காரர் தினமும் வாசலில் வந்து நின்று, "சாருங்க, கல்லு," என்று கேட்டுவிட்டுப் போனார்.

பால் ஸ்க்ரூவைப் பூட்டிய அன்று தாமோதரசாமிக்கு ஒரே மகிழ்ச்சி. ரங்கநாயகியைக் கூப்பிட்டுக் காட்டினார். சுவிட்சை அணைத்தார். எடைக்கல் தானாக, ஒரு சத்தமும் இல்லாமல், மெதுவாக இறங்கி மேசையில் உட்கார்ந்தது.

"பாத்தியா? யாரும் தொடலை. அவ்வளவு வழவழப்பு."

"அது பாட்டுக்கு இறங்குது," என்றார் ரங்கநாயகி.

"அதைத்தான் சொல்றேன்."

"நானும் அதைத்தான் சொல்றேன்."

தாமோதரசாமி சுவிட்சை மறுபடி போட்டார். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் எதைச் சொன்னாலும் இந்தம்மா ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லாமல் இருந்ததில்லை. வேலையை விட்டுவிட்டு நண்பரோடு சேர்ந்து டிரான்ஸ்பார்மர் தொழில் தொடங்க அவர் கிளம்பியபோது, ரங்கநாயகி மூன்று வாரம் சாப்பாடு போட்டுக்கொண்டே சண்டை போட்டார். அவர் போகவில்லை. நண்பர் போனார். நண்பர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

அன்றிலிருந்து எந்திரம் ஓடாத நேரத்தில் பால் ஸ்க்ரூ தலை இறங்கிவிடாமல் இருக்க, அதன் அடியில் ஒரு எவர்சில்வர் டம்ளரை முட்டுக் கொடுத்தார். அதுவும் ரங்கநாயகியின் காபி டம்ளர்.

பலகையை எந்திரத்தில் ஏற்றுவதற்கு முதல் நாள் காலை குருவை வீட்டுக்கு அழைத்தார்.

பிரமிளா வந்தார். செருப்பை வாசலில் விட்டார். கூடத்துக் கட்டிலில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு அரிசி உப்புமா சாப்பிட்டார். மேசைமேல் இருந்த எந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு சுவரில் சாய்த்திருந்த பலாப் பலகையைத் தடவினார்.

"எங்கப்பா தோட்டத்து மரமுங்க," என்றார் ரங்கநாயகி. "எங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்களாவது சொல்லுங்க கண்ணு. நான் சொன்னா அது பேச்சாவே அவருக்குக் கேக்காது."

"என்ன சொல்லணுமுங்க?"

"எனக்கென்ன தெரியும்? ஆனா அந்த இடது பக்கம் அது பாட்டுக்கு இறங்குது."

தாமோதரசாமி எந்திரத்தை உயிர்ப்பித்தார். மோட்டார்கள் மெல்லிய குரலில் முனகின. டம்ளரை எடுத்தார். இரண்டு கற்களும் ஒரு சாண் உயரத்தில், ஒரே மட்டத்தில் நின்றன.

"அம்மிணி, ரெண்டும் நிக்குது பாருங்க. ஏறும்போது இடதுதான் வேகம். இறங்கும்போதும் இடதுதான். வலது பக்கம் மோட்டார் சுடுது. உரசலுங்க. பால் ஸ்க்ரூன்னு முடிவு பண்ணிட்டேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கு ஆரம்பிச்சுருவேன்."

"கரண்ட் போனா இடது பக்கம் இறங்குமுங்களே. செதுக்கற முனை பலகைக்குள்ளே போயிருமே."

"யூபிஎஸ் வாங்கிட்டேனுங்க." மேசைக்கு அடியில் இருந்த பெட்டியைக் காட்டினார். "கரண்ட் போனா அந்த நொடியே இது பிடிச்சுக்கும்."

"யூபிஎஸ் பேட்டரி தீந்துட்டா?"

"தீர்றதுக்குள்ளே எந்திரம் தலையை மேலே தூக்கிட்டு நின்னுரும். அதுக்குப் புரோகிராம் எழுதியிருக்கேன்."

"புரோகிராம் மக்கர் பண்ணினா?"

"மோட்டாருக்குப் பிரேக் ஒண்ணு போட்டுக்கலாமுங்க. மேலே ஒரு கப்பி வெச்சு எதிர் எடை கட்டலாம். ரெண்டு ஸ்பிரிங்கும் போடலாம்."

"உரசலே இல்லாத ஒருத்தனைப் பிடிச்சுக்க எத்தனை பேருங்க சார்," என்றார் பிரமிளா.

ரங்கநாயகி சிரித்தார். தாமோதரசாமி சிரிக்கவில்லை. அவர் வாழ்நாள் முழுக்க மின்சாரத்தை அனுப்புகிற பக்கத்தில் இருந்தவர். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது போவதே இல்லை. மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காக நிறுத்தப்படுகிறது, அவ்வளவுதான். அதுவும் முன்கூட்டியே பத்திரிகையில் போட்டுவிட்டு.

"நீங்க இன்னும் பதில் சொல்லலைங்க அம்மிணி. எது நல்லது?"

பிரமிளா கையைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு கல்லுக்கும் அடியில கையை வைங்க," என்றார். "இதுக்கு ஒண்ணு, அதுக்கு ஒண்ணு."

"கையையா?"

"கையைத்தானுங்க. பலகை நாளைக்குத்தானே."

சீடர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். இடது கையைப் பால் ஸ்க்ரூவின் கல்லுக்கு அடியில் வைத்தார். வலது கையை லீட் ஸ்க்ரூவின் கல்லுக்கு அடியில் வைத்தார். இரண்டு உள்ளங்கைகளும் மேசையில் படிந்திருந்தன. பரீட்சை எழுத உட்கார்ந்த பையனைப் போல நிமிர்ந்து நின்றார்.

பிரமிளா கூடத்தைத் தாண்டி நடந்தார். மெயின் சுவிட்ச் கதவுக்குப் பின்னால் இருந்தது. அங்கே போய், கையைத் தூக்கினார்.

தாமோதரசாமியின் இடது கை வெளியே வந்துவிட்டது.

அவர் தன் இடது கையைப் பார்த்தார். வேறு யாருடைய கையோ அங்கே இருப்பதுபோல.

"நான் இன்னும் சுவிட்சைத் தொடலைங்க," என்றார் பிரமிளா.

"தெரியுமுங்க. இது ஒரு பழக்க தோஷம்."

பழக்க தோஷம்தான். முப்பத்தொரு வருஷம் கம்பத்தில் ஏறுகிற ஆட்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு விஷயம். லைனில் கரண்ட் இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதே, நான் சொன்னாலும் நம்பாதே. அந்தப் பேச்சை அவர் மறந்திருந்தார். கை மறக்கவில்லை.

"மறுபடி வைங்க," என்றார் குரு.

"வெக்கறேனுங்க. யூபிஎஸ் இருக்குதே, என்ன ஆகப்போகுது?"

இடது கை மேசை விளிம்பு வரைக்கும் போயிற்று. அங்கே நின்றது. விரல்கள் மட்டும் உள்ளே எட்டிப் பார்த்தன.

"வைங்களேன்," என்றார் ரங்கநாயகி. "யூபிஎஸ் வாங்கியிருக்கேன், யூபிஎஸ் வாங்கியிருக்கேன்னு பேப்பர் கடைக்காரர் வரைக்கும் சொன்னீங்களே."

"நீ கொஞ்சம் சும்மா இரு ரங்கு."

"நான் சும்மாத்தான் இருக்கேன். கைதான் சும்மா இல்லை."

பிரமிளா சுவிட்சை அணைத்தார். மின்விசிறி ஓய்ந்தது. மேசைக்கு அடியில் யூபிஎஸ் கீக், கீக், கீக் என்று கத்த ஆரம்பித்தது. இரண்டு கற்களும் அசையாமல் நின்றன.

"பாத்தீங்களா," என்றார் தாமோதரசாமி. முகம் மலர்ந்தது. "நான் சொன்னேனுங்களே, அந்த நொடியே பிடிச்சுக்கும்னு."

"எத்தனை நேரம் இப்படிக் கத்தும்?" என்று கேட்டார் ரங்கநாயகி.

"பேட்டரி தீர்ற வரைக்கும்."

"காதுக்குள்ளே ஊசி வெச்சுக் குத்தற மாதிரி இருக்குது."

அவர் குனிந்தார். பெட்டியின் முன்னால் பச்சையாக எரிந்த ஒரு பொத்தானை அழுத்தினார். யூபிஎஸ்ஸே அணைந்து, சத்தம் நின்றது.

வீட்டில் இப்போது எந்தச் சத்தமும் இல்லை. இடது பக்கத்துக் கல் இறங்கத் தொடங்கியது. அவசரமில்லாமல், வழவழப்பாக, தாமோதரசாமி ஆசைப்பட்ட மாதிரியே இறங்கியது. கடைசியில் மட்டும் வேகம் பிடித்து, அவருடைய கை இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு வந்து, டொக் என்று மேசையில் உட்கார்ந்தது. மேசைப் பலகையில் அரை விரல் நீளத்துக்கு ஒரு வடு விழுந்தது.

ரங்கநாயகி சுவரில் சாய்ந்திருந்த பலாப் பலகையை எடுத்தார். அதை உள்ளறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

தாமோதரசாமி வடுவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு மடிப்புள்ள அட்டவணை பக்கத்தில் கிடந்தது. அதில் பதினாறாவது கட்டம் போட இடமில்லை.

"அப்போ பால் ஸ்க்ரூ மட்டம்னு சொல்றீங்களா அம்மிணி?"

"யாருங்க சொன்னது? நல்ல சாமானுங்க அது. இதே எந்திரத்துலயே படுத்துக்கிட்டு ஓடுற இடத்துக்குப் போடுங்க. அங்கே இறங்கிப் போறதுக்குப் பள்ளம் இல்லை."

"நெட்டுக்கு?"

பிரமிளா ஸ்பேனரைத் தேடி மேசைமேல் கண்ணை ஓட்டினார். "நெட்டுக்கு எதுன்னு நீங்கதான் காட்டிட்டீங்களே," என்றார். இடது பக்கத்துத் தலையைக் கழற்றத் தொடங்கினார்.

சீடருக்கு மனசு ஆறவில்லை. எட்டு வயதிலிருந்து சேர்த்துவைத்த ஆசை, ஒரு நட்டைக் கழற்றுகிற நேரத்தில் போய்விடுமா?

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறேனுங்க."

"கேளுங்க."

"கணக்குன்னா கணக்குதானுங்க. இந்த வலது பக்கத்துல நூறு பங்கு குடுத்தா எழுபது பங்கு உரசலுக்கே போயிருது. எந்த வேலையும் செய்யாம, சும்மா, சூடாகி, வீணாப் போகுது. இத்தனை வருஷம் வேலை பாத்தவன், அதை எப்படிங்க மனசு ஒப்பிப் போடறது?"

பிரமிளா ஸ்பேனரைக் கீழே வைத்தார். வலது பக்கம் பார்த்தார்.

லீட் ஸ்க்ரூவின் கல் ஒரு சாண் உயரத்தில், கரண்டும் இல்லாமல் பேட்டரியும் இல்லாமல், வைத்த இடத்திலேயே நின்றது. அதற்கு நேர் கீழே, மேசையில் படிந்தபடி, தாமோதரசாமியின் வலது கை இன்னும் இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

"உங்க கைமேல விழாம இப்ப நிக்குதே," என்றார் குரு, "அது அந்த எழுபதுதானுங்க."

தாமோதரசாமி குனிந்து அந்தக் கல்லுக்கும் கைக்கும் நடுவே பார்த்தார். சமையலறை வாசலில் நின்ற ரங்கநாயகி, அதிசயமாக, ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லவில்லை.

பலகையைச் செதுக்க நான்கு நாள் ஆயிற்று. அதற்குள் கரண்ட் மூன்று முறை போயிற்று. தை பன்னிரண்டாம் தேதி, ஒரு குழி இல்லாமல், கதவு ஏறியது. தாமோதரசாமி மறு மாதமே பிரமிளாவின் பட்டறையில் இரண்டாவது லேத்தில் வேலைக்குச் சேர்ந்தார். எழுபத்தோராம் வயதில் காலமாகிற வாரம் வரைக்கும் காலை ஒன்பது மணிக்கு அங்கே போய்க்கொண்டிருந்தார்.